பிரெஞ்சுக்கு ஒரு ஆள்

ஆப்பிளும் மாதுளையும் அடுக்கிய தட்டைப் பால்வண்ணநாதன் இரண்டு கையாலும் நீட்டினார். "அண்ணாச்சி, உங்க பொண்ணை எங்களுக்குத்தான் குடுக்கணும்."

புளியங்குடி எலுமிச்சைக் கமிஷன் கடைக்காரர் பிச்சைமணி தட்டை வாங்கவில்லை. "மாப்பிள்ளை யாரு?"

"மாப்பிள்ளை இல்ல அண்ணாச்சி. காலேஜுக்கு."

"காலேஜா? இன்னுமா படிக்கணும்?"

தென்காசிப் பக்கத்துத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் பிரெஞ்சு, இத்தாலிய மொழி, பண்பாடு மற்றும் மொழிபெயர்ப்புத் துறையின் தலைவர் முனைவர் பால்வண்ணநாதன். துறையில் வேறு ஆளே கிடையாது என்பதால் தலைமைக்குப் போட்டியும் இல்லை.

பத்துப் பேரைச் சேர்க்காவிட்டால் துறைக்குப் பூட்டு, தலைவர் வீட்டுக்குப் போகலாம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. ஒன்பது பேர் தேறியாயிற்று. இன்று கடைசி நாள்.

"பொண்ணு பிளஸ் டூ முடிச்சாச்சுல்லா?"

"அதெல்லாம் நல்லாவே முடிச்சிட்டா. காலைலயே வடகரைக்குப் போனா, இப்ப வந்துருவா."

"வடகரையா? எங்க ஊருல்லா!" சகுனம் பலித்த தெம்பில் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். "நாகரிகம்னா பிரான்சு, கலைன்னா இத்தாலி. ஒரே பட்டத்துல ரெண்டும். குத்தாலத்துக்கு வாற பிரெஞ்சுக்காரன்கிட்ட யாரு பேசுவா, சொல்லுங்க?"

"குத்தாலத்துக்கு மலையாளத்தான்லா வாரான்."

"இத்தாலியிலயும் எலுமிச்சை விளையுது அண்ணாச்சி. நாளைக்கு உங்க லோடு அங்க போகும்."

"அங்கயே விளைஞ்சா என் லோடு எதுக்கு சார்?"

தர்க்கத்தில் தோற்ற முனைவர் பாசத்தில் இறங்கினார். "எம் மகளையே இதுலதான் சேக்கப்போறேன். பெத்த புள்ளையக் கெடுப்பனா?"

ஒன்பதில் ஒன்று அவள்தான் என்பதையும், அதை அவளிடமே இன்னும் கேட்கவில்லை என்பதையும் அவர் சொல்லவில்லை.

மேசைமேல் வைத்திருந்த தட்டைப் பிச்சைமணி முதல் முறையாகப் பார்த்தார். "அது நியாயம். இந்தா வந்துட்டா, அவகிட்டயே கேளுங்க."

வெயிலில் வாடிய முகத்தோடு காளீஸ்வரி உள்ளே வந்தாள். பால்வண்ணநாதன் எழுந்து, "போன்ழூர்!" என்று பிரெஞ்சிலேயே வணக்கம் சொன்னார்.

"யாருப்பா இது?"

"பால்வண்ணநாதன் சாரு, வடகரை. ஒன்னைய பிரெஞ்சு படிக்கக் கூப்பிட வந்திருக்காரு."

அந்தப் பெயரைக் கேட்டதும் அவள் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. "எனக்கு என்னத்துக்கு சார்? நானே நர்சிங் காலேஜ்ல பாடம் எடுக்கேன். எங்களையும் உங்களைப் போலத்தான் வீடு வீடா விரட்டுதாங்க."

பால்வண்ணநாதன் பொத்தென்று உட்கார்ந்தார். பத்தாவது ஆளுக்கு இனி எங்கே போவது? தன்னைப் போல அலைகிற இன்னொரு ஜீவனைக் கண்டதுதான் மிச்சம்.

"உங்களுக்கும் டார்கெட் உண்டாம்மா?"

காளீஸ்வரி பழத்தட்டை மெல்ல அவர் பக்கமே நகர்த்தி வைத்தாள்.

"உண்டு சார். காலைல உங்க மகளைச் சேத்ததோட முடிஞ்சுட்டு."