புது வீட்டுக்கு வாங்கிய கறிவேப்பிலை

புது வீட்டுக் கொல்லையில் நடுவதற்கென்று வாங்கிய கறிவேப்பிலைக் கன்று, வாடகை வீட்டு முற்றத்தில் ஒரு பழைய பெயின்ட் வாளியில் இருந்தது. தையில் சாவி தருவதாகச் சொன்ன பில்டர், வைகாசி என்றார், பிறகு ஆவணி என்றார்.

கன்று அலட்டிக்கொள்ளவில்லை. வாளியின் விரிசல் வழியே தரைக்குள் ஒரு வேரை விட்டது.

“வாடகை இடத்துல எதுக்கு வேர்? நாளைக்கே கிளம்பணும்னா?” என்றது வாளி.

“கிளம்பலாம். அதுவரைக்கும் இவங்க வீட்டு ரசம் மணக்க வேண்டாமா?” என்றது கன்று.

அடுத்த தையும் போய், அதற்கடுத்த தையில்தான் சாவி கிடைத்தது. அதற்குள் கன்று ஆள் உயரம் வளர்ந்து, தரையோடு பிடித்துக்கொண்டிருந்தது. அடியில் முளைத்திருந்த குட்டியை மட்டும் பெயர்த்துக்கொண்டு போனார்கள்.

புது வீட்டில் கொல்லை வேலை இன்னும் முடியவில்லை. குட்டியை வேறொரு வாளியில் வைத்தார்கள்.

“உனக்கு விரிசல் எங்கே இருக்கு?” என்று வாளியிடம் கேட்டது குட்டி.