ஐந்து தடவை

"பால் குடிச்சா வயிறு கடமுடாங்குது டாக்டர். நேத்து மட்டும் அஞ்சு தடவை போயாச்சு" என்றார் ஓய்வுபெற்ற தபால்காரர், கொஞ்சமும் கூச்சமில்லாமல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி தலை நிமிரவேயில்லை.

இளம் டாக்டர் குறித்துக்கொண்டார். "கதிர்வீச்சு சிகிச்சை முடிஞ்சு மூணு வாரம்தானே ஆகுது? குடலோட உள்சுவர் புண்ணாயிருக்கும். பாலைச் செரிக்கிற என்சைம் அங்கதான் இருக்கு. அது குறைஞ்சிருக்கு."

"அது திரும்ப வராதா?" என்றார் தபால்காரர்.

"புண் ஆற ஆற வந்துடும். அதுவரைக்கும் பாலை விட்டுடணும்."

"விட்டாச்சுன்னு வெச்சுக்குங்க!"

டாக்டர் சிரித்தபடி மேஜையைச் சுற்றி வந்து, மருந்துச் சீட்டை அந்த அம்மாவின் கையில் கொடுத்தார். "உங்க வயிறு சீக்கிரம் சரியாயிடும்மா. அடுத்த தடவையும் சாரே பேசட்டும்."

வெளியே வந்ததும் அவள் கணவரின் கையைக் கிள்ளினாள். "எனக்கு வாய் வரலைன்னுதான் உங்களைச் சொல்லச் சொன்னேன். நாலு தடவைன்னுதானே சொன்னேன்? எதுக்கு ஒண்ணு ஏத்திச் சொன்னீங்க?"

"நேத்து விடியக்காலையில, நான் தூங்கறேன்னு நெனைச்சு லைட்டுகூடப் போடாம போனியே, அதை யார் கணக்குல சேக்கறது?"