தேய்ந்த பக்கம்

"ஸமீரா, இதுல ஒரு ஜோடியைக்கூட நீ போடலை!"

ரங்கூனின் இன்சீன் பகுதிப் பட்டறை மேசைமேல் நான்கு ஜோடி பூட்ஸையும் கவிழ்த்து வைத்திருந்தான் சுரேந்திரன். பெண்களுக்கான கால்பந்து பூட்ஸ். அவனே வரைந்து, அவனே வெட்டித் தைத்த முதல் டிசைன்.

ஸமீரா பெண்கள் டீமின் கேப்டன். அவள் கால் அளவுக்குத் தைத்து, வாரம் ஒரு ஜோடி கொடுத்து வந்தான். போட்டு ஆடிப் பார்த்துக் குறை சொல்ல வேண்டும். அதுதான் அவள் வேலை.

குறைக்குப் பஞ்சமே இல்லை. முதல் வாரம், "சுண்டுவிரலை நெரிக்குது." செருப்பிலேயே வளர்ந்த கால், விரல் விரிந்துதான் இருக்கும் என்று முன்பக்கத்தை அகலமாக்கினான். அடுத்து, "குதிகால் வழுக்குது." இறுக்கினான். அப்புறம், "மேல்பாதம் அழுத்துது." அதையும் தளர்த்தினான்.

இன்று நான்காவது ஜோடியோடு வந்து, "குறையே இல்லண்ணே" என்கிறாள்.

நாளை சோலுக்கு இரும்பு அச்சு வெட்டுகிறார்கள். வெட்டிய பிறகு மாற்ற முடியாது. 'சரிப்படலேன்னா வெளிநாட்டு பூட்ஸைக் காப்பியடிச்சிடலாம்' என்று முதலாளி வேறு சொல்லியிருந்தார்.

"இங்க பாரு. இதுல சோலோட வெளிப்பக்கக் குமிழ் தேஞ்சிருக்கு. இதுல உள்பக்கம். இதுல முன்னாடி மட்டும். கடைசி ஜோடியில எல்லாப் பக்கமும்! ஒரு ஆளோட நடை வாரா வாரம் மாறுமா?"

"நீங்க போலீஸ்ல சேர்ந்திருக்கலாம்ணே."

"சிரிக்காதே! கூட்டாளிங்களுக்கு இரவல் கொடுத்துட்டு எங்கிட்ட கதை விட்டிருக்கே. யார் காலை நம்பி நான் அச்சு வெட்டச் சொல்றது?"

ஸமீரா முதல் ஜோடியைத் தொட்டாள். "இது தெரேசா போட்டது. அகலக் கால். இது அஞ்சலி, குச்சிக் கால். இது ரேவதி, மேடு தூக்கின பாதம். மூணு பேருக்கும் என் சைஸ்தான். ஆனா கால் ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. நீங்க என் ஒருத்தி காலுக்குத் தைச்சு, ரங்கூன் பொண்ணுங்க எல்லாருக்கும்ல விக்கப் போறீங்க?"

சுரேந்திரன் கடைசி ஜோடியைக் கையில் எடுத்தான்.

"அப்போ... இந்த நாலாவது?"

"மூணு பேரும் மாத்தி மாத்திப் போட்டு ஆடினாளுங்க. ஒருத்தியும் முனகல. தைரியமா வெட்டச் சொல்லுங்க."

"வெட்டிடுவோம்!" முகம் மலர முதலாளிக்குச் சொல்லப் போனை எடுத்தவன், சட்டென்று நிறுத்தினான்.

"அதிருக்கட்டும், உன் காலுக்கு எப்படி இருந்துச்சு?"

கட்டைவிரல் எட்டிப் பார்க்கும் தன் பழைய கேன்வாஸ் ஷூவை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டாள் ஸமீரா.

"என் முறை இன்னும் வரலையேண்ணே."