வைப்பர் மோட்டார்

நான்காவது டையோடைப் பற்றவைத்துவிட்டு சூசைமேரி சுவிட்சைப் போட்டாள்.

மோட்டார் சுற்றியது.

நொறுங்கிய ஒரு காரிலிருந்து கழற்றிய வைப்பர் மோட்டார். உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் வாங்கியது. பன்னிரண்டு வோல்ட் டிசியில் மட்டும் ஓடும்.

துடியலூர் பம்பு கம்பெனியில் பதினோரு வருடமாக மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி காயில் சுற்றுகிறாள். அங்கே எல்லாமே ஏசி மோட்டார். அதனால் நேற்று, வீட்டுக் கரண்டை பழைய யுபிஎஸ் டிரான்ஸ்பார்மரில் குறைத்து அப்படியே கொடுத்துவிட்டாள். மோட்டார் உறுமிக்கொண்டு நின்ற இடத்திலேயே நடுங்கியது. நான்கு டையோடு வைத்து டிசியாக மாற்றிய பிறகுதான் இன்று இந்தச் சுற்று.

மோட்டாரோடு சைக்கிள் பெடல்களும் சேர்ந்து சுற்றின. பெடல்களில் கணவர் தேவானந்தத்தின் இரண்டு கால்களையும் பழைய சேலைக் கிழிசலால் கட்டியிருந்தாள்.

எட்டு மாதத்துக்கு முன், பெயிண்ட் அடிக்கச் சாரத்தில் ஏறியவர் விழுந்தார். இடுப்புக்குக் கீழே இனி ஒன்றும் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கால்களை மட்டும் தினமும் அசைத்துக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். காலையும் மாலையும் கையாலேயே அசைத்து அசைத்து சூசைமேரியின் தோள்பட்டை விட்டுப்போயிருந்தது.

மெலிந்துபோன கால்களை யாரும் பார்ப்பது தேவானந்தத்துக்குப் பிடிக்காது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் மடியிலிருந்து தரைவரை போர்வையை இழுத்துவிட்டிருந்தார். பெடல் சுற்றச் சுற்ற அது ஏறி இறங்கியது.

ஐந்து நிமிடம் போயிருக்கும்.

"ஏனுங்க, ஏதாச்சும் தெரியுதுங்களா?"

தினமும் கேட்கிற கேள்விதான். தினமும் அவர் தலையை ஆட்டுவார், இல்லை என்று.

"தெரியுது மேரி," என்றார். "வலது கால்ல நல்லா இழுக்குது."

அவள் ஓடி வந்து மண்டியிட்டாள். அந்தக் காலைத் தொட்டுப் பார்க்க வேண்டும் போலிருந்தது. போர்வையின் ஓரத்தைத் தூக்கினாள்.

சேலைக் கிழிசல்கள் இரண்டும் அவிழ்ந்து கிடந்தன. இரண்டு பாதங்களும் தரையில், சாய்ந்தவாக்கில். எப்போது நழுவின என்று தெரியவில்லை. பெடல்கள் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தன.

தேவானந்தம் குனிந்து பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னுங் கொஞ்சம் வேகமா உடு மேரி. நல்லா இருக்குது."

வைப்பர் மோட்டாருக்கு இரண்டு வேகம் உண்டு.

சூசைமேரி போர்வையை இறக்கிவிட்டாள்.

"சரிங்க," என்று எழுந்துபோய், ஒயரை இரண்டாவது வேகத்துக்கு மாற்றினாள்.