பதினான்காவது கேள்வி

மாமியார் அந்தப் பச்சைப் பட்டையை இஸ்திரி போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

என் கணவன் கர்ட் பதினொரு வயதில் தோளில் குறுக்காக அணிந்தது. நீச்சல், படகு, கயிற்று முடிச்சு என்று பதினேழு துணிச் சின்னங்கள். ஒவ்வொன்றையும் தன் கையால் தைத்தவர் மாமியார்தான். கர்ட் அந்தச் சிறுவர் சாரணர் சங்கத்தில் இருந்தான் என்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே அத்தாட்சி அது.

"எதுக்குன்னு நான் கேக்கலை," என்றார், பூட்ஸில் ஒட்டியிருந்த பனியைக் கால்மிதியில் தட்டிக்கொண்டே.

கேட்கத் தேவையில்லை. ஊருக்கே தெரியும். பையன்களிடம் பாலியல் அக்கிரமம் செய்த தலைவர்களைச் சங்கம் வருடக்கணக்கில் மூடி மறைத்தது. வழக்கு மேல் வழக்காக வந்ததும் திவால் மனு போட்டுவிட்டது. நீதிமன்றம் நாள் குறித்துவிட்டது. பாதிக்கப்பட்டவர்கள் இன்று மாலை ஐந்து மணிக்குள் நஷ்டஈடு கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். நாளைக்கு வந்து சொன்னால் அவர்களுக்கு எதுவும் நடக்கவில்லை என்று அர்த்தம்.

மணி மூன்றரை. வக்கீல் அலுவலகம் இருபது நிமிடத் தூரம்.

எனக்கும் மாமியாருக்கும் இருபத்திரண்டு வருடத்தில் ஒத்துப்போன ஒரே விஷயம், கர்ட் குளிரில் தொப்பி போட வேண்டும் என்பதுதான். போன நன்றிநாள் குடும்ப விருந்தில் தொலைக்காட்சியில் இந்தச் செய்தி ஓடியபோது, "நாப்பது வருஷம் கழிச்சு இப்பதான் ஞாபகம் வந்துதாக்கும்?" என்றபடி உருளைக்கிழங்கைப் பரிமாறினார். கர்ட் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு கராஜுக்குப் போய்விட்டான்.

அதை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

படிவம் பன்னிரண்டு பக்கம். கர்ட் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து எழுதினான். அந்தத் தலைவனின் பெயரை எழுத மட்டும் ஒரு முழு ஞாயிறு ஆனது. அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை.

பதினான்காவது கேள்வி: அப்போது இதை யாரிடமாவது சொன்னீர்களா?

யாரிடமாவது சொல்லியிருந்தால் கட்டாயம் குறிப்பிடுங்கள், இல்லையென்றால் கட்டுக்கதை என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள் என்று வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கர்ட் 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டான். நன்றாக யோசித்துப் பார் என்றேன்.

"யார்கிட்டயும் சொல்லலை. விடு ரோண்டா," என்றான், குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு.

இப்போது அவன் வெளியே வண்டிக் கண்ணாடியில் பனிக்கட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். நான் உறை எடுக்க உள்ளே போய்த் திரும்புவதற்குள் மாமியார் சமையலறை மேசையில் உட்கார்ந்து, உருப்பெருக்கியைப் பிடித்துக்கொண்டு படிவத்தைப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

அம்மா கண்ணில் அது படவே கூடாது என்று கர்ட் முன்பே என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தான். பிடுங்கியிருக்க வேண்டும். அதற்குள் அவர் மளமளவென்று புரட்டி ஒன்பதாவது பக்கத்துக்கு வந்துவிட்டார்.

"இது தப்பு," என்றார்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"ஆர்டிஸ், உங்க பையன் பொய் சொல்றான்னு சொல்றீங்களா?"

"ஆமா," என்றார். "இந்த ஒரு எடத்துல. பேனா குடு."

நான் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அவர் விரல் பதினான்காவது கேள்வியின் மேல் இருந்தது. கர்ட் போட்ட குறியை ஒரே கோடாக அடித்தார். 'ஆம்' என்ற கட்டத்தில் குறி போட்டார். பிறகு கீழே இருந்த சின்ன இடத்தில் ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். எழுபத்தொன்பது வயசு. எழுதி முடிக்க வெகு நேரம் ஆனது.

கர்ட் உள்ளே வந்தான். தொப்பி இல்லை. தலைமுடியில் பனி.

அம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்று அவன் படித்தான். முடியில் இருந்த பனி உருகிக் காலருக்குள் இறங்கியது. அவன் துடைக்கவில்லை.

"உனக்கு ஞாபகம் இல்லைன்னு நெனச்சேம்மா."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. படிவத்தை அவன் பக்கம் நகர்த்தினார்.

"திருத்துன எடத்துல நீ கையெழுத்துப் போடணும்டா."

போட்டான். அழுதான். ஐம்பது வயதை நெருங்கும் மனிதன், அம்மா உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

கிளம்பும்போது மாமியார் தானும் கோட்டை மாட்டிக்கொண்டார். யாரும் கூப்பிடவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முன்னால் அவன் பக்கத்தில் ஏறிக்கொண்டார். நான் பின்னால், மடியில் உறையும் பட்டையுமாக.

சாவியைத் திருப்பியதும் ரேடியோ பாட ஆரம்பித்தது. மாமியார் கையை நீட்டி அதை அணைத்தார். கர்ட் அவரை ஒரு முறை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான்.

உறையை ஒட்டுவதற்கு முன் நான் ஒன்பதாவது பக்கத்தைத் திருப்பினேன்.

'ஆம். அவன் அம்மாவிடம், அதாவது என்னிடம் சொன்னான். ஆகஸ்ட் மாதம், முகாமிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில், காரில். பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன்.'