மஞ்சள் கோடு

அவள் வாயைத் திறந்ததும் மஞ்சள் கோடு இறங்கியது.

திரையில் இருந்த அவள்தான் வாயைத் திறந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், இருட்டறையில் தன்னையே பார்த்து உட்கார்ந்திருந்த இவள் மூச்சுக்கூட விடவில்லை.

அந்தப் பக்கம் முப்பது பேர். அவர்களுக்கு இவள் இங்கே இருப்பது தெரியாது. ஆளுக்கொரு குமிழ் கையில். விளம்பரம் பிடித்தால் வலப்பக்கம் திருக வேண்டும், நூறு வரைக்கும். பிடிக்காவிட்டால் இடப்பக்கம், பூஜ்யம் வரைக்கும். எல்லோருக்கும் தொடக்கம் ஐம்பது. அவர்கள் திருகுவதன் சராசரி, திரையின் அடியில் மூன்று கோடுகளாக ஓடும்.

நீலக் கோடு ஒரு கட்சிக்காரர்கள். சிவப்பு இன்னொரு கட்சி. மஞ்சள், எந்தப் பக்கம் ஓட்டுப் போடுவதென்று இன்னும் முடிவு செய்யாதவர்கள்.

"நீலமும் சிவப்பும் எப்படியும் அசையாது. மஞ்சளை மட்டும் பாருங்கள்."

ஹீதர் சொல்லியிருந்தாள். விளம்பரம் எடுத்த சங்கத்தின் பெண். முதலில், நீங்கள் வரவே வேண்டாம் என்றாள். இவள்தான் கேட்கவில்லை. பெற்றவளுக்குப் பார்க்கக்கூட உரிமை இல்லையா?

சும்மா வைத்துக்கொள்ளுங்கள் என்று இவளுக்கும் ஒரு குமிழ் கொடுத்திருந்தாள். கணக்கில் சேராத குமிழ். அதன் தலையில் சின்னதாக ஐம்பது என்று மின்னியது. இவள் அதைத் தொடாமல் மடியில் வைத்திருந்தாள்.

திரையில் அவள் பேசிக்கொண்டேயிருந்தாள். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. என் மகன் நிலவனுக்குப் பத்தொன்பது வயது. மூச்சுத் திணறல் வந்தது. அடுத்த ஆஸ்பத்திரி நாற்பத்தாறு மைல். நான்தான் கார் ஓட்டினேன்.

இறங்கியது.

அப்படி என்ன தப்பாகச் சொல்லிவிட்டாள்? இந்த நாட்டுப் பிள்ளைகளுக்குப் பதினாறு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். இதே குரலில், இதே உச்சரிப்பில்தான். அப்போது எந்தக் கோடும் இறங்கவில்லை.

கடைசியாக அவன் சொன்னதைத் தமிழிலேயே சொன்னாள்.

அம்மா, மெதுவாப் போ.

பிறகு அதையே ஆங்கிலத்தில் சொன்னாள். அவன் அப்படித்தானே சொன்னான். வேறு எப்படிச் சொல்வது?

முப்பத்தொன்று.

கண்ணாடிக்கு அப்பால், தொப்பி போட்ட ஒருவன் குமிழை இடப்பக்கம் திருகிவிட்டுக் கொட்டாவி விட்டான். பாவி. அவனுக்கும் பிள்ளைகள் இருக்கும்.

ஹீதர் இவள் பக்கம் திரும்பவில்லை.

"இன்னொன்றும் எடுத்து வைத்திருக்கிறோம்," என்றாள்.

அதே படங்கள். அதே ஆஸ்பத்திரி வாசல், அதே பூட்டு. பட்டமளிப்பு அங்கியில் நிலவன். சமையலறை மேசையில் இவள்.

குரல் மட்டும் வேறு.

எங்கோ ஓர் ஒலிப்பதிவு அறையில் கூலி வாங்கிக்கொண்டு ஒருத்தி பேசியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அந்த முப்பது பேருக்குப் பக்கத்து இருக்கையில் உட்காருகிறவளின் குரல்.

என் மகன், என்றது அந்தக் குரல். பெயர் இல்லை. வெறும் என் மகன்.

அம்மாடி, எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அவளுக்கு.

மஞ்சள் ஏறியது. ஐம்பத்தெட்டு. அறுபத்தாறு.

கடைசியாக அவன் சொன்ன இடம் வந்தது. குரல் அங்கே நின்றது. எச்சில் விழுங்கியது. இவள் அப்படி நிற்கவில்லை. நின்றால் உடைந்துவிடுவோம் என்று பயந்து மடமடவென்று சொல்லி முடித்திருந்தாள்.

மெதுவாப் போ, மாம்.

எண்பத்திரண்டு.

தொப்பிக்காரன் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

விளக்கைப் போட்டார்கள். ஹீதர் ஒரு தாளை மேசையில் வைத்தாள். அவளும் நல்ல பெண்தான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தவித்தாள்.

"முகம் உங்களுடையதுதான். குரல் மட்டும்தான் மாறும். நீங்கள் சம்மதித்தால்."

நவம்பரில் மாநிலம் முழுக்க ஓட்டு. மூடிய அவசரப் பிரிவுகளைத் திறக்க ஒரு வரி. வேண்டுமா, வேண்டாமா. மஞ்சள் வேண்டும் என்றால் அந்தப் பூட்டு திறக்கும். இன்னொருத்தி நாற்பத்தாறு மைல் ஓட்ட வேண்டியிருக்காது.

அதற்காகத்தானே வாயைத் திறந்தாள்.

போன் அடித்தது. வீட்டுக்காரர். அந்தக் காரில் அவர் இன்னும் ஏறுவதில்லை. இங்கே வரவும் மாட்டேன் என்றுவிட்டார்.

"என்னாச்சு? நீ பேசினது அவங்களுக்குப் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க."

"அழுதாங்களா?"

"ஒருத்தர் அழுதாருங்க."



"நீ அழாமப் பேசினே பாரு. அதான்," என்றார்.

போனை அணைத்தாள். ஹீதர் பேனாவை நீட்டினாள். வாங்க வலக்கையைத் தூக்கியபோதுதான் தெரிந்தது, அது எதையோ இறுகப் பிடித்திருந்தது.

குமிழ்.

எப்போது எடுத்தாள், எப்போது திருகினாள், ஒன்றும் நினைவில்லை. தன் குரல் ஓடிய நேரம் முழுக்க அது ஐம்பதில்தான் கிடந்தது. பார்த்திருக்கிறாள்.

இப்போது தொண்ணூற்றாறு.

ஹீதர் பார்ப்பதற்குள் அதை ஐம்பதுக்குத் திருப்பி வைத்தாள்.

பிறகு கையெழுத்துப் போட்டாள்.