லிட்டருக்கு இருபத்தொன்று

"சாவியக் குடும்மா."

ஷிகேகி நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. சதோகோ கார்ச் சாவியைத் தன் சமையல் அங்கியின் பைக்குள் போட்டு, பையை இரண்டு தட்டுத் தட்டியும் காட்டினாள். எழுபத்தாறு வயதில் அம்மாவுக்கு இத்தனை வம்பு எங்கிருந்து வந்தது என்று அவனுக்கு விளங்கவில்லை.

அவன் நகோயாவிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து, அம்மா தனியாக இருக்கும் கடலோர ஊரான ஹிமிக்கு வந்திருந்தான். காப்பீட்டுக் கம்பெனியில் வேலை. பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்து, காரோடு கடைக்குள் புகுந்த வயசாளிகளின் ஃபைல்கள் தினமும் அவன் மேசைக்கு வரும்.

போன புத்தாண்டுக்குக்கூடப் போனிலேயே வாழ்த்துச் சொல்லி முடித்துக்கொண்டவனை இழுத்து வந்தது பக்கத்து வீட்டு ஒகுதா அம்மாளின் குரல். "உங்கம்மா கார் தினமும் வெளிய போகுது தம்பி. விளக்கு வைக்கறப்போதான் திரும்புது. நீங்க ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போனா நல்லது" என்று அவள் போனில் இழுத்த இழுப்பிலேயே அவன் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டான்.

மேசைமேல் ஒரு படிவத்தை வைத்தான். "வயசானவங்க லைசென்ஸத் திருப்பிக் குடுக்கற ஃபாரம். நீ பேர மட்டும் எழுது, போலீஸ் ஸ்டேஷனுக்கு நான் கூட்டிட்டுப் போறேன்."

"இது எனக்கு வேண்டாம்." அவள் அதை அவன் பக்கமே தள்ளினாள். "மொதல்ல போய் காரப் பாத்துட்டு வா. அப்புறம் பேசு."

போய்ச் சுற்றிச் சுற்றி வந்தான். ஒரு கீறல் இல்லை. டயர்களில் காற்று கச்சிதமாக இருந்தது. செத்துப்போன அப்பாவின் கோல்ஃப் மட்டைகளும் தூண்டில் பெட்டியும் பத்து வருஷமாகக் குடியிருந்த டிக்கி, துடைத்துவிட்டதுபோல் காலி. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தான். அந்தச் சின்னக் காரில் ஆறடி ஆளான அவனுக்கே முட்டி இடிக்கவில்லை. குற்றம் கண்டுபிடிக்க வந்தவனுக்கு அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

அவன் திரும்பி வந்தபோது சதோகோ நுனிக்காலில் எக்கி நின்று, அலமாரியின் நடுத்தட்டிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். பெட்ரோல் நோட்டு. டேங்கை நிரப்பும்போதெல்லாம் ஓடிய தூரத்தைக் குறித்து வைப்பது அப்பா காலத்துப் பழக்கம்.

"படி. போன வருஷம் ஏப்ரல் வரைக்கும் லிட்டருக்குப் பதிமூணு கிலோமீட்டர். மே மாசத்துலேர்ந்து இருபத்தொண்ணு."

அவன் சிரித்துவிட்டான். "நீயா? சிக்னல்ல பச்சை விழுந்தா நீ எடுக்கற வேகத்துல கார் துள்ளுமே. ஸ்கூல் போய்ச் சேர்றதுக்குள்ள எனக்கு நெத்தி வீங்கிடும்."

"அதான் பெட்ரோலக் குடிச்சுது. மெதுவா எடுக்கணும். தூரத்துல சிவப்பு தெரிஞ்சதுமே கால எடுத்துட்டா, கார் தானா உருண்டு போய் நிக்கும். டிக்கில வெட்டி பாரம் ஏத்தக் கூடாது. மாசத்துக்கு ஒரு தடவை காத்து, நேரத்துக்கு ஆயில். நிக்கற எடத்துல எஞ்சின அணைச்சுடணும்."

"எழுபத்தஞ்சு வயசுல கால் பழக்கம் மாறுமாம்மா? யார்கிட்ட கதை விடற?"

"மாறாதுதான்" என்றாள் அவள், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

ஷிகேகிக்குக் கோபம் தலைக்கேறியது. கோபத்துக்கு அடியில் இருந்தது பயம். "நோட்டுல எத வேணா எழுதலாம். நாளைக்கு ஒரு கொழந்தை குறுக்க ஓடி வந்தா என்ன செய்வ? எனக்கு ராத்திரில தூக்கம் வரலம்மா. பஸ்ல போயேன்."

"பஸ்ஸா? அது நின்னு ரெண்டு வருஷம் ஆச்சு. கடைசி நாள் கடைசி பஸ்ல நானும் டிரைவரும் மட்டுந்தான் இருந்தோம். உனக்கு எங்க தெரியப் போகுது?" அவள் குரல் உயர்ந்தது. "இந்தக் கார் இல்லன்னா எனக்குக் கடலும் இல்ல, சந்தையும் இல்ல. உங்கப்பா போனப்புறம் வீடு, ஜன்னல், வீடு, ஜன்னல்னு வேண்டிய மட்டும் பாத்தாச்சு. இனிமே முடியாது. நீ தலைகீழா நின்னாலும் சாவிய உனக்குக் குடுக்க மாட்டேன்."

அவன் படிவத்தை மறுபடி அவள் முன்னால் நகர்த்தினான். கையையும் மறுபடி நீட்டினான். "கடைசியாக் கேக்கறேன். நீயா விடறியா, நான் போலீஸ்ல எழுதிக் குடுக்கட்டுமா?"

ஊர் ஒலிபெருக்கியில் பன்னிரண்டு மணிப் பாட்டு ஒலித்தது. அது ஓய்வதற்குள் வாசல் கதவு, மணி அடிக்காமலே, நகர்ந்து திறந்தது. நெட்டையான ஒரு முதியவர் நிலையில் இடிக்காமல் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தார். கைகளில் பஸ் டிரைவர்கள் போடுகிற வெள்ளை உறை.

"சதோகோ, ஊரே சாப்பிட ஒக்காந்தாச்சு. இப்ப எடுத்தா கடற்கரை வரைக்கும் ஒரு சிக்னல்லயும் நிக்க வேண்டாம்" என்றவர், ஷிகேகியைப் பார்த்து அப்படியே நின்றார்.

சதோகோ பையிலிருந்து சாவியை எடுத்தாள். மகன் நீட்டியிருந்த கையைத் தாண்டிப் போய், அதை அந்த வெள்ளை உறை போட்ட கையில் வைத்தாள்.

"நான் லைசென்ஸத் திருப்பிக் குடுத்து ஒன்றரை வருஷம் ஆச்சுடா. எந்திரிச்சு இவருக்கு வணக்கம் சொல்லு."